வால் விட்டால்தான் வால்மீன்

2024 அக்டோபர் நடுவில் ஒரு மாலை. சூரியன் இறங்கி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. மேற்கே வெள்ளி தாழ்வாக மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு வலப்பக்கம், கொஞ்சம் மேலே பைனாகுலரை நிறுத்தி அக்கா மகன் கையில் கொடுத்தேன். ஒன்பது வயதுப் பையன். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தான்.

"தெரியுதா?"

"ம்ம். பஞ்சு மாதிரி ஒண்ணு. எப்ப மாமா ஓடும்?"

"ஓடாது."

"அப்போ எப்ப விழும்?"

"விழவும் விழாதுடா."

பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஒரு வாரமாக நான் கொடுத்த பில்டப்புக்கு இந்தப் பஞ்சு போதவில்லை. கைப்பேசியைச் சுவர்மேல் சாய்த்துவைத்து, பத்து விநாடி ஒளி வாங்க விட்டு ஒரு படம் எடுத்தேன். திரையில் பஞ்சுக்கு மேலே சாம்பல் நிறத்தில் நீளமாக ஒரு கீற்று விழுந்தது. "இப்பதான் வால் இருக்கு" என்றான், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபடி. அவனைப் பொறுத்தவரை வால் இல்லாதவரை அது வால்மீன் இல்லை. சிறுபிள்ளைத்தனம் என்று அப்போது நினைத்தேன். இல்லை, விஷயமே அதுதான் என்று பிடிபடப் பல வாரம் ஆயிற்று.

அந்தப் பஞ்சின் பெயர் சுச்சின்ஷான்–அட்லஸ். சீனாவின் வானாய்வகம் ஒன்றும், அட்லஸ் என்ற தொலைநோக்கி வலையமைப்பும் 2023-ல் தனித்தனியே கண்டுபிடித்ததால் இரட்டைப் பெயர். நாங்கள் பார்த்த நாட்களில் பூமியிலிருந்து ஏறத்தாழ ஏழு கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பையன் மனதில் வைத்திருந்த 'ஓடி விழும்' சமாசாரம் எரிமீன். அது நம் தலைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்குள் நடக்கிற விவகாரம். மணல் பருக்கை அளவுத் தூசி காற்றில் உரசி ஒரு விநாடி ஒளிர்ந்து முடிந்துபோகும். வால்மீனும் வேகமாகத்தான் போகிறது, ஆனால் அவ்வளவு தூரத்தில் இருப்பதால் ஒரே இரவில் அது நகர்வது கண்ணுக்குத் தெரியாது. நேற்று இருந்த இடத்துக்கும் இன்று இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டையும் குழப்பிக்கொள்வது சின்னப் பிள்ளைகள் மட்டுமில்லை. அரிஸ்டாட்டிலே வால்மீன் என்பது காற்றுமண்டலத்தின் மேற்பகுதியில் தீப்பற்றி எரியும் ஏதோ ஆவி என்றுதான் நினைத்தார். அதற்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் கழித்து, 1577-ல் ஒரு பெரிய வால்மீன் வந்தபோதுதான் டைக்கோ பிராகி என்ற வானியலாளர் அந்தக் கணக்கைத் தீர்த்தார். ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் விரல் இடம் மாறுவது போலத் தெரியும் இல்லையா, அதே உத்தி. ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் உள்ள இரண்டு இடங்களிலிருந்து எடுத்த அளவுகளை ஒப்பிட்டார். நிலா இடம் மாறித் தெரிந்தது. வால்மீன் அசையவில்லை. ஆக, அது நிலாவைவிட வெகு தொலைவில் இருக்கிறது. தொலைநோக்கி என்ற பொருளே அப்போது கிடையாது.

சரி, பையன் விடவில்லை. அடுத்த கேள்வி: "அப்போ இது கோளா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏன் இல்லை என்பதுதான் வம்பு.

சட்டப்படியான பதில் ஒன்று இருக்கிறது. 2006 ஆகஸ்டில் ப்ராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் கோளுக்கு மூன்று நிபந்தனைகள் விதித்தது. சூரியனைச் சுற்ற வேண்டும், தன் எடையாலேயே உருண்டையாகத் திரண்டிருக்க வேண்டும், தன் பாதையின் அக்கம்பக்கத்தைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். மூன்றாவதில் தோற்று புளூட்டோ குறுங்கோள் ஆனது, அந்தப் பஞ்சாயத்து எல்லோருக்கும் தெரியும். வால்மீன் இரண்டாவதிலேயே தோற்றுவிடும். அதை 'சிறு பொருள்கள்' என்ற பொதுப் பட்டியில் சிறுகோள்களோடு சேர்த்து அடைத்துவிட்டார்கள். இந்தப் பதில் சரியானது, ஆனால் எனக்குப் பிடிக்காது. வால்மீன் என்னவெல்லாம் இல்லை என்று மட்டும்தான் இது சொல்கிறது.

என்னவாக இருக்கிறது என்று பார்க்க ஒரு வால்மீனின் மேலேயே போய் நிற்க வேண்டும். போயிருக்கிறோம்.

ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ரொசெட்டா 2004 மார்ச்சில் கிளம்பி, பத்தாண்டு அலைந்து, 2014 ஆகஸ்டில் 67பி சுரியூமோவ்–கெராசிமென்கோ என்ற வால்மீனை எட்டியது. கிட்டப் போய்ப் பார்த்தால், குழந்தைகள் குளிக்கும் தொட்டியில் மிதக்கவிடும் ரப்பர் வாத்தின் உருவம்! ஒரு பெரிய உருண்டை, ஒரு சின்ன உருண்டை, நடுவில் ஒரு கழுத்து. நீளவாக்கில் நான்கு கிலோமீட்டர் சொச்சம். எடை ஏறத்தாழ ஆயிரம் கோடி டன். பெரிய எண்ணாகத் தெரிகிறதா? இதுபோல அறுபதாயிரம் கோடி வால்மீன்களைச் சேர்த்தால்தான் ஒரு பூமி ஆகும். அடர்த்தியோ தண்ணீரில் பாதிதான். அத்தனை பெரிய தொட்டி கிடைத்தால் உண்மையிலேயே வாத்து போல மிதக்கும்.

அந்த நவம்பர் 12-ம் தேதி ரொசெட்டாவிலிருந்து ஃபிலே என்ற சிறு இறங்குகலம் பிரிந்தது. துணி துவைக்கும் இயந்திரம் அளவில் ஒரு பெட்டி, மூன்று கால். பூமியில் அதன் எடை நூறு கிலோ. 67பி-யின் மேல் அதே பெட்டியின் எடை ஒரு கிராம், ஒரு காகிதத்துண்டு அளவு. தரையில் கால் வைத்ததும் பிடித்துக்கொள்வதற்காக அதில் இரண்டு ஈட்டிகள் வைத்திருந்தார்கள். அவை பாயவில்லை. பெட்டி தொட்டது, எழும்பியது. எழும்பினால் உடனே கீழே வர அது என்ன பூமியா? ஒரு கிலோமீட்டர் உயரம் வரை மெல்ல மிதந்து போய், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்துத்தான் மறுபடி தரையைத் தொட்டது. கடைசியில் ஒரு பாறைச்சரிவின் நிழலில், ஒரு கால் அந்தரத்தில் தொங்க, சாய்ந்து நின்றுவிட்டது. சூரிய ஒளி படாததால் மின்கலம் இரண்டரை நாள்கூடத் தாங்கவில்லை. எங்கே கிடக்கிறது என்றே தெரியாமல் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் தேடி, 2016 செப்டம்பரில் ஒரு படத்தில் பிடித்தார்கள்.

இந்தச் சம்பவத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. கோளுக்கும் வால்மீனுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அந்த ஒரு துள்ளலில் இருக்கிறது. பூமியை விட்டுத் தப்பிப் போக விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். 67பி-யை விட்டுத் தப்ப விநாடிக்கு ஒரு மீட்டர் போதும், சாவகாசமாக நடக்கும் வேகம். அங்கே நின்று நீங்கள் உற்சாகமாகக் குதித்தால் திரும்ப மாட்டீர்கள். மனிதனையே பிடித்துவைக்க முடியாத ஒன்று ஆவியை எப்படிப் பிடித்துவைக்கும்?

வால் எப்படி வருகிறது என்பதும் இங்கேதான் இருக்கிறது. வால்மீன் என்பது தண்ணீர்ப்பனி, உறைந்த கரியமில வாயு, கார்பன் மோனாக்சைடு எல்லாம் தூசியோடு குழைந்து இறுகிய கட்டி. 1950-ல் ஃபிரெட் விப்பிள் இந்தப் படத்தை முன்வைத்த பிறகு 'அழுக்குப் பனிப்பந்து' என்ற பெயர் நிலைத்துவிட்டது. சூரியனிலிருந்து வெகு தொலைவில் இருக்கும்போது அதுவும் ஒரு செத்த கல்தான். சூரியனை நெருங்கி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்துக்குள் வந்தால், தண்ணீர்ப்பனி உருகாமலே நேராக ஆவியாகத் தொடங்கும். ஆவி தூசியையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். திரும்ப இழுக்க ஈர்ப்பு இல்லை. கல்லைச் சுற்றி ஒரு மூட்டம் கட்டும். அதுதான் அன்றைக்குப் பையன் பார்த்த பஞ்சு. 2007-ல் ஹோம்ஸ் என்ற வால்மீன் திடீரென்று வெடித்ததுபோல் வீங்கி, அதன் மூட்டம் சூரியனைவிட அகலமாகிவிட்டது. உள்ளே இருந்த கல் சில கிலோமீட்டர்தான்.

உள்ளே இருக்கும் கல்லை நாம் கண்ணால் பார்ப்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை. 1986 மார்ச்சில் ஜியோட்டோ விண்கலம் ஹாலி வால்மீனை அறுநூறு கிலோமீட்டர் பக்கத்தில் கடந்து படம் எடுத்தபோது, பனி என்று பெயர் வாங்கிய அந்தப் பொருள் கரிக்கட்டையைப் போலக் கறுப்பாக இருந்தது. விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குதான் திரும்புகிறது. சூரியக் குடும்பத்தின் பெரிய வெளிச்சக் கூத்தாடி, வேஷத்தைக் கலைத்தால் இருப்பதிலேயே கறுப்பான ஆட்களில் ஒருவர். 67பி-யைச் சுற்றியிருந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அம்மோனியாவும் இருந்ததாக ரொசெட்டா கண்டது. அழுகிய முட்டையும் குதிரை லாயமும் சேர்ந்த வாடை. இதைச் சொன்னபோது பையனுக்கு வால்மீன்மேல் மரியாதை கூடிவிட்டது.

வாலைப் பற்றி எல்லோரும் தப்பாக நினைக்கிற ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடும் ரயிலின் புகைபோல அது பின்னால் விடப்படுவது இல்லை. வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் நீளும். 1531-லேயே பீட்டர் அப்பியன் இதைக் கவனித்து எழுதிவைத்தார். அப்படியானால் சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும்போது? வால் முன்னே போகும், தலை பின்னே போகும். அரசவையில் முதுகைக் காட்டாமல் பின்வாங்குகிறவர் மாதிரி. உண்மையில் வால்கள் இரண்டு. தூசி வால், சூரிய ஒளியின் அழுத்தத்தால் தள்ளப்பட்டு மஞ்சளாக வளைந்திருக்கும். வாயு வால், மின்னேற்றம் பெற்று நீலமாகக் கோல் பிடித்ததுபோல் நேராக இருக்கும். அந்த நீல வால் ஏன் அத்தனை நேராக இருக்கிறது என்று யோசித்துத்தான் லுட்விக் பியர்மன் 1951-ல், சூரியனிலிருந்து துகள்கள் இடைவிடாமல் வீசிக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஊகித்தார். சூரியக் காற்றை விண்கலங்கள் நேரில் அளப்பதற்கு முன்பே வால்மீன் காற்றாடியாக நின்று காட்டிக்கொடுத்துவிட்டது.

கோடிக்கணக்கான கிலோமீட்டர் நீளும் இந்த வாலில் அப்படி என்ன இருக்கிறது? கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 1910-ல் ஹாலியின் வால் பூமியைத் தடவிச் செல்லும், அதில் சயனோஜன் என்ற நச்சு வாயு இருக்கிறது என்று செய்தி பரவி, ஊர் ஊராக மக்கள் நடுங்கினார்கள். வால்மீன் மாத்திரை விற்றுச் சிலர் காசு பார்த்தார்கள். வால் வந்தது, போனது. ஒருவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

பாதை விஷயம் இன்னொரு பெரிய வேறுபாடு, இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கோள்கள் ஏறக்குறைய வட்டமாக, ஒரே தளத்தில், ஒரே திசையில் சுற்றுகின்றன. செக்கு மாடுகள். ஹாலி எதிர்த்திசையில் வருகிறது. சூரியனுக்கு அருகில் வரும்போது புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவே புகுந்து விநாடிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். தொலைவில் நெப்டியூனையும் தாண்டிப் போய் விநாடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாக ஊரும். 2023 டிசம்பரில்தான் அந்தத் தூரத்து முனையில் திரும்பியது. 2061 ஜூலையில் மறுபடி சூரியனை வந்து சுற்றும். இதைவிட நீண்ட பாதையில் வருபவை ஊர்ட் மேகம் என்ற தூரத்துக் கிடங்கிலிருந்து வருகின்றன. யான் ஊர்ட் 1950-ல், வரும் பாதைகளைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அப்படி ஒரு கிடங்கு இருந்தே ஆக வேண்டும் என்றார். அங்கே இருக்கும் நிலையில் ஒரு வால்மீனையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. சுச்சின்ஷான்–அட்லஸும் அந்த வழியாக வந்ததுதான்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்த விடை இவற்றையெல்லாம் அழகாக அடுக்கிவைத்திருந்தது. சிறுகோள் என்றால் கல், செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில். வால்மீன் என்றால் பனி, நெப்டியூனுக்கு அப்பால். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வானத்தில் அப்படி யாரும் வரிசையில் நிற்பதில்லை.

1977-ல் சனிக்கும் யுரேனசுக்கும் நடுவே கைரன் என்ற ஒரு பொருளைக் கண்டுபிடித்துச் சிறுகோள் பட்டியலில் 2060 என்று எண் கொடுத்தார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், அதைச் சுற்றி மூட்டம்! உடனே வால்மீன் பட்டியலிலும் 95பி என்று ஒரு எண். ஒரே ஆளுக்கு இரண்டு அடையாள அட்டை. 1949-ல் வில்சன்–ஹாரிங்டன் என்று ஒரு வால்மீன் தென்பட்டு, தொலைந்தது. 1979-ல் யாரோ ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்கள். பின்னால் பழைய படத்தட்டுகளைத் தேடியபோது இரண்டும் ஒன்றே என்று தெரிந்தது. அது அப்புறம் வால் விடவே இல்லை. சிறுகோள் பட்டையின் நடுவிலேயே, பனி இருக்கக் கூடாத இடத்தில், எல்ஸ்ட்–பிசாரோ என்று ஒன்று 1996-ல் வாலோடு பிடிபட்டது. 2017-ல் வேறொரு விண்மீன் குடும்பத்திலிருந்து வந்த ஓமுவாமுவாவுக்கு முதலில் வால்மீனுக்குரிய 'சி' எழுத்து கொடுத்தார்கள். மூட்டம் தெரியவில்லை என்று சிறுகோளுக்குரிய 'ஏ' ஆக மாற்றினார்கள். கடைசியில் அதற்கென்று 'ஐ' என்று புது எழுத்தே உருவாக்கினார்கள்.

பழைய காலத்திலும் இதே கூத்துதான். 1781 மார்ச் 13-ம் தேதி இரவு வில்லியம் ஹெர்ஷல் தன் தொலைநோக்கியில் கொஞ்சம் தடித்த ஒரு புள்ளியைப் பார்த்தார். உருப்பெருக்கத்தைக் கூட்டக் கூட்டப் புள்ளியும் பெரிதானது. விண்மீன் அப்படிப் பெரிதாகாது. ஆகவே வால்மீன் என்று அறிவித்தார். மாதங்கள் கழித்துப் பாதையைக் கணக்கிட்டபோது அது கிட்டத்தட்ட வட்டம். அவர் கண்டுபிடித்தது யுரேனஸ். 1801 புத்தாண்டன்று பியாட்சி என்ற வானியலாளர், இன்று குறுங்கோள் என்று அழைக்கப்படும் சீரிஸைப் பார்த்தபோதும் முதலில் வால்மீன் என்றுதான் வெளியில் சொன்னார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் மட்டும், மூட்டமே இல்லையே, இது வால்மீனைவிட மேலான ஏதோவாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். மெஸ்ஸியே கதை இதற்கு நேர் எதிர். வால்மீன் வேட்டைக்காரரான அவர், தன்னை ஏமாற்றிய மங்கல் திட்டுகளையெல்லாம் 'இவை வால்மீன் அல்ல' என்று குறித்து ஒரு பட்டியல் போட்டார். இன்று 110 வரை நீண்டிருக்கும் அந்தப் பட்டியலைத்தான் தொலைநோக்கி வாங்கியவர்கள் எல்லாம் ஆசை ஆசையாகத் தேடுகிறார்கள். அவர் தேடிய வால்மீன்களின் பெயர் பலருக்குத் தெரியாது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த ஒரு நாள் பள்ளித் தமிழ் இலக்கணம் நினைவுக்கு வந்தது. கோள் என்பது 'கொள்' என்பதன் முதலெழுத்து நீண்டு பிறந்த தொழிற்பெயர். தொழிற்பெயர் காலம் காட்டாது. நேற்றும் கோள்தான், நாளையும் கோள்தான். பொருத்தமான சொல். தன்னிடம் உள்ளதைக் கொண்டிருப்பதுதானே கோளின் குணம்? வால்மீனுக்கு இந்த வகைப் பெயர் ஒத்துவராது. அதற்கு வேண்டியது வினையாலணையும் பெயர். வந்தவன், வருகிறவன், வருபவன் என்பதுபோலச் செயலைச் செய்வதால் கிடைப்பது, காலம் காட்டுவது. கைரன், வால் விடுகிறது என்று பின்னால் தெரியவந்தது. வில்சன்–ஹாரிங்டன் வால் விட்டது. ஊர்ட் மேகத்தில் கிடப்பவை, என்றோ ஒரு நாள் வால் விடுபவை. விடுவதை நிறுத்தினால் பெயரும் போய்விடும்.

உடனே ஒரு ஆட்சேபணை வரும், எனக்கே வந்தது. புதனுக்கும் வால் இருக்கிறது. கதை இல்லை, உண்மை. சூரிய ஒளி புதனின் மேலிருந்து சோடியம் அணுக்களைத் தள்ளிக்கொண்டு போய், இரண்டு கோடி கிலோமீட்டருக்கு மேல் ஒரு வால் நீட்டுகிறது. தக்க வடிகட்டி போட்டால் ஆர்வலர்களின் கேமராவிலேயே விழும். ஆனால் புதன் இழப்பது, பணக்காரர் சட்டைப்பையிலிருந்து விழுந்த சில்லறை. ஹாலி ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் மேலிருந்து சில மீட்டர் தடிமனுக்குத் தோல் உரிகிறது. வால்மீன் வட்டியில் வாழ்வதில்லை, முதலையே தின்கிறது.

முதல் தீர்ந்தால் என்ன ஆகும்? சிலது கறுப்புக் கல்லாகச் சும்மா சுற்றும். சிலது உடையும். ஐசான் என்ற வால்மீன் 2013 நவம்பர் 28 அன்று சூரியனை ஒட்டிப் போனபோது நானும் கணினி முன் உட்கார்ந்து சூரியனைக் கண்காணிக்கும் விண்கலப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனபோது பளிச்சென்று இருந்தது, மறுபக்கம் ஒரு புகைத்திட்டுதான் வந்தது. நூற்றாண்டின் வால்மீன் என்று நம்பி நண்பர்களையெல்லாம் உசுப்பிவிட்டிருந்தேன், அப்புறம் ஒரு மாதம் கிண்டல். பீலா என்ற வால்மீன் இதைவிடப் பரிதாபம். ஆறரை ஆண்டுக்கு ஒரு முறை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. 1846-ல் இரண்டாகப் பிளந்து நின்றது. 1852-ல் இரண்டு வால்மீன்களாக வந்தது. அதோடு சரி. ஆனால் 1872 நவம்பர் 27 இரவு பூமி அதன் பாதையைக் கடந்தபோது வானத்திலிருந்து எரிமீன் மழையாகக் கொட்டியது.

அக்டோபர் 21-ம் தேதி விடிகாலை நான்கு மணிக்குப் பையனை எழுப்பினேன். ஆண்டுதோறும் அந்த நாட்களில் பூமி, ஹாலி பல நூற்றாண்டுகளாக உதிர்த்துவிட்டுப் போன தூசியின் ஊடே போகும். தேய்பிறை நிலா இன்னும் பெரிதாகவே இருந்து வானத்தை வெளுத்துக்கொண்டிருந்ததால் அதிகம் எதிர்பார்க்காதே என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். ஐசான் கற்றுத்தந்த புத்தி. போர்வையைச் சுற்றிக்கொண்டு அரைத்தூக்கத்தில் நின்றான். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு உச்சியிலிருந்து மேற்காக ஒரு வெள்ளைக் கீறல், சத்தமில்லாமல், பார்த்து முடிப்பதற்குள் மறைந்தது.

"ஓடுச்சு மாமா!"

"ஓடுச்சா?"

"விழுந்துடுச்சு." கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னைக்கு விழாதுன்னு சொன்னீங்களே."